கோல்ஃப் பட்டர் தலைக்கு எது நல்லது: 6061 அலுமினியமா, 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக கோல்ஃப் பட்டர் (பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளும் மட்டை) செய்யப்போகும் தம்பி தங்கைகள் எங்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். நானும் என் கூட்டாளியும் இரண்டிலும் தலை வெட்டிப் பார்த்தோம். சமர்ப்பித்தது அலுமினியம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஸ்டீலின் அருமை ஊரறிந்தது. பூச்சு வேண்டாம், நம் ஊர் ஈரக்காற்றையும் தாங்கும், கையில் எடுத்தால் கனமாக, அழகாக இருக்கும். பித்தளையும் அழகுதான், ஆனால் சீக்கிரம் கறுக்கும். அதில் ஒரு சோதனைத் துண்டு மட்டுமே வெட்டினேன், அதனால் மேலே பேசமாட்டேன்.

முடிவைத் தீர்மானித்தது வெட்டும் நேரம். 10 மி.மீ. ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) எண்ட் மில்லை, அதாவது மில்லிங் எந்திரத்தில் சுழன்று வெட்டும் கட்டரை, 304-இல் நிமிடத்துக்குச் சுமார் 640 சுற்றில் ஓட்டினோம். அலுமினியத்தில் அதே கட்டர் 3,000-ஐத் தாண்டலாம். 304-இன் குணம் இன்னும் பொல்லாதது. ஃபீட் (கட்டர் உலோகத்துக்குள் முன்னேறும் வேகம்) குறைந்து கட்டர் வெட்டாமல் உரசினால், உரசிய இடமே இறுகிவிடும். அடுத்த சுற்றில் கட்டரின் முனை மழுங்கும், சத்தம் கீச்சென்று மாறும். மாணவர் ப்ராஜெக்ட்டில் முதல் தலை சரியாக வராது, இரண்டாவதும் மூன்றாவதும் வெட்டியாக வேண்டும். வொர்க்‌ஷாப் நேரமோ எல்லாக் குழுவுக்கும் பொது. மறுபடி வெட்ட அவகாசம் தரும் உலோகமே நமக்கு ஏற்றது.

அலுமினியம் இலேசு என்பதும் இங்கே வசதிதான். தலை மொத்தம் 350 கிராம் என்றால் அதன் அலுமினிய உடலுக்கு 240 போதும். மீதியை 20 மி.மீ. விட்டமும் 22 மி.மீ. நீளமும் உள்ள இரண்டு ஸ்டீல் துண்டுகளாக இரு ஓரத்திலும் திருகலாம். பந்து நடுவில் படாவிட்டாலும் தலை குறைவாகவே திரும்பும். ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சினியர் கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் பிங் 1ஏ பட்டரில் எடையை ஓரங்களுக்குத் தள்ளியதும் இதற்காகத்தான். எடை போதவில்லையா? உடலைத் தொடாமல் லேத்தில் வேறு துண்டு கடைந்துகொள்ளலாம்.

குறையும் உண்டு. அலுமினியத்தில் மரை சீக்கிரம் தேயும், பையில் மற்ற கிளப்புகளோடு இடித்தால் வடு விழும். ஸ்டீலும் அலுமினியமும் தொடும் இடத்தில் வியர்வை தங்கினால் அரிக்கும். ஆனடைசிங் (மின்சாரத்தால் மேலே ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்து, எடைத்துண்டுகளை அவ்வப்போது கழற்றித் துடைத்து கிரீஸ் தடவுங்கள். சில ஆண்டுகள் ஆடிய பிறகு மரை எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எங்கள் பட்டருக்கு வயதாகவில்லை.

ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 304-ஐ விட்டு 303 ரகம் வாங்குங்கள். கந்தகம் சேர்ந்திருப்பதால் சில்லு எளிதில் உடைந்து விழும். எதை எடுத்தாலும், முகத்தின் சாய்வு 10 பாகையைத் தாண்டாமலும், தலையின் அகலம் அதன் முன்பின் ஆழத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கும்படி வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் விதி அது.