டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கு வந்த பிசியோ: கொடுத்த காசுக்குத் தகுமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தையல் வேலை செய்கிறேன். கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி இடது கால் நரம்பை அழுத்தியதால் ஆபரேஷன் ஆனது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஒரு பிசியோ சேவையை அமர்த்தினோம். ஒரு முறைக்கு 600 ரூபாய். தகும், ஆனால் நேரத்துக்கு வருவார்கள் என்று மட்டும் நம்பாதீர்கள்.

வந்த பெண் முதலில் என் கட்டிலைத்தான் பார்த்தார். தாழ்வாக இருக்கிறது என்று கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைக்கச் சொன்னார். அப்புறம் எழுந்திருக்கும் முறை: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்ப மரக்கட்டைபோல் உருண்டு ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கும்போதே கையை ஊன்றி எழ வேண்டும். ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள்தான். அங்கே தலைப்பக்கம் தூக்கும் கட்டில், இங்கே அப்படியா?

மாமியார், "பச்சைப் புண்ணும்மா, படுத்தே கிட" என்பார். பிசியோ அவரையும் உட்காரவைத்து விளக்கினார்: அசையாமல் கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம், தசையும் தளரும், அதனால்தான் சர்ஜன் மறுநாளே நடக்கவிட்டார். அதிலிருந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டினேனா என்று மணிக்கொரு தரம் மாமியாரின் விசாரணை எனக்கு.

முதலில் கூடத்துக்குள் நடை, பிறகு தெரு, பிறகு பீச் ரோடு. மாலை 6 முதல் காலை 7:30 வரை அங்கே வண்டி கிடையாது, தரையும் சமம். மணலில் மட்டும் இறங்கக் கூடாது என்றார் பிசியோ. ஒரேயடியாக அரைமணி நடப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கச் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது, தையல் மெஷின் முன்னால் என்னை உட்காரவைத்துப் பார்த்தது. ஸ்டூலை உயர்த்தினார். பின்னால் திரும்பி எடுக்கும் துணிக்கூடையை முன்பக்கம் மாற்றினார். தரையில் குனிந்து துணி வெட்டுவது இப்போதைக்குக் கூடாது, மேசைமேல் வெட்டுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள் என்றார். தண்ணீர்க் குடத்தைத் தொடவே விடவில்லை.

இன்னொன்று: பாதம் இழுபட்டாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, "எனக்கில்லை, உடனே சர்ஜனுக்குப் போன் பண்ணுங்க" என்றார். அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

குறை என்றால், 10 மணி என்பார்கள், 11:30க்கு வருவார்கள். அலுவலகத்திலிருந்து வேறு, கரண்ட் வைக்கும் சிகிச்சையோடு பேக்கேஜ், முன்பணம் என்று ஓயாத போன். எனக்கு அது தேவையில்லை என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டார், நானும் கட்டவில்லை. ஞாயிறு விடுமுறை. ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். இன்ஷூரன்ஸுக்கு வேண்டுமானால் அன்றன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள்.