விளக்கு அணைந்ததை நம்பி 9,550 ராண்ட் கொடுத்தேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ. கடந்த புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், டேஷ்போர்டில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. விட்டுவிட்டுச் சிமிட்டியிருந்தால் அங்கேயே ஓரங்கட்டியிருப்பேன். நிலையாக எரிந்தது, வண்டியின் ஓட்டத்திலும் குறை தெரியவில்லை. அதனால் வீடுவரை ஓட்டி வந்து, அடுத்த வாரம் தெரிந்தவர் ஒருவர் சொன்ன பணிமனையில் விட்டேன்.

எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்க 450 ராண்ட் வாங்கினார்கள். என்ன கோடு (பழுதைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டதற்கு, "சென்சார் போய்விட்டது, அண்ணா" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அந்த எண்ணை எழுதி வாங்காதது என் தவறு. புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் பின்பக்க சென்சாரை மாற்றியதாக 2,300 ராண்ட் பில் வந்தது, விளக்கும் அணைந்திருந்தது. ஐந்தாம் நாள் காலை ஹிகின்சன் நெடுஞ்சாலையில் அது மறுபடியும் எரிந்தது. திரும்பப் போனபோது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே கெட்டுவிட்டது என்று சொல்லி 6,800 ராண்டுக்கு வேறொன்றைப் பொருத்தினார்கள். பழையதைக் கேட்டேன், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். பிளாட்டினம் தோண்டி எடுக்கும் நாட்டில் இருந்துகொண்டு, அந்த உலோகம் பூசிய பாகத்தை யாரும் சும்மா தூக்கிப் போட மாட்டார்கள் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வாரத்துக்குள் விளக்கு மூன்றாம் முறையாக எரிந்தது.

இந்த இடைவெளிகளுக்கான காரணத்தை டோங்காட்டில் ஒரு பெரியவர்தான் விளக்கினார். ஸ்கேனரால் கோடை அழித்தால் விளக்கு உடனே அணைந்துவிடும். பழுதைத் தொடவே வேண்டியதில்லை. கன்வெர்ட்டரைப் பற்றிய சோதனையை எஞ்சின் கணினி வண்டியைக் கிளப்பியதும் செய்துவிடுவதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். அதிலும் அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் குறை தெரிந்தால்தான் பொதுவாக விளக்கு எரியும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இதற்குப் பல நாட்கள் பிடிக்கும். பணம் கைமாற அந்த நாட்கள் போதும்.

பெரியவர் படித்துச் சொன்ன கோடு பி0420. கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்பதே அதன் பொருள். கன்வெர்ட்டரை மாற்று என்று அது சொல்வதில்லை. கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்தால் அதற்குப் பின்னாலுள்ள சென்சாரின் மின்னழுத்தம் 0.6, 0.7 வோல்ட் அருகே பெரிதாக அசையாமல் நிற்கும். புகைக்குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அந்த அளவைக் குழப்பிவிடும். அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சின் ஆறிக் கிடந்தபோது கிளப்பச் சொல்லி, புகைக்குழாயின் வாயை ஈரத்துணியால் ஒரு கணம் அழுத்தினார். கன்வெர்ட்டருக்கு முன்னாலுள்ள இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்ததும் நுரை பொங்கியது. இணைப்பின் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டைச் சுற்றி விசிறி போலக் கரி படிந்திருந்தது. கடற்காற்றில் துருப்பிடித்த இரண்டு போல்ட்டுகளையும் கேஸ்கெட்டையும் மாற்ற, கூலியோடு 780 ராண்ட். அதன் பின் இரண்டு மாதங்களாக விளக்கு எரியவில்லை.

அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. "இதுவா புதுசு?" என்று அவர் பின்பக்கச் சென்சாரைக் காட்டினார். கம்பியின் உறை வறண்டு வெடித்திருந்தது, உடலில் பதித்திருந்த ஆண்டு 2011. ஆக, 2,300 ராண்டுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு பில் மட்டுமே. என் பழைய கன்வெர்ட்டரும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். அது கையில் இல்லாததால் நிரூபிக்க வழியில்லை.

2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அதன் பிறகுதான் படித்தேன். 15ஆம் பிரிவின்படி மதிப்பீட்டுக்கு நம் ஒப்புதலைப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். 67ஆம் பிரிவின்படி, நாம் வேண்டாம் என்று சொல்லாத வரையில், கழற்றிய பாகங்களைத் தனியாக வைத்திருந்து நம்மிடம் திருப்பித் தர வேண்டும். பழுதுபார்க்கும்போது பொருத்தும் புதிய பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு என்கிறது 57ஆம் பிரிவு. இப்போது வண்டியை விடும்போதே கோடின் எண்ணையும், "பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்" என்ற வரியையும் வேலைச் சீட்டில் எழுத வைக்கிறேன். விளக்கு அணைந்ததும் பணம் கொடுப்பதில்லை. எஞ்சின் கணினி செய்யும் சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டனவா என்று ஸ்கேனரில் காட்டச் சொல்கிறேன்.

சென்சாரின் புகைப்படம், இரண்டு பில்கள், பெரியவர் எழுதித் தந்த குறிப்பு ஆகியவற்றோடு பணிமனைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் இதே காகிதங்கள் மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளருக்குப் போகும். முறையீடு நிலுவையில் இருப்பதால் பணிமனையின் பெயரை இங்கே எழுதவில்லை.