ஃப்ரீபிஎஸ்டியின் பிஇசிடிஎல்: பூட் சிக்கலுக்கு முழு மருந்து, லாகின் சிக்கலுக்குப் பாதி

ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும் சர்வர்களை அப்கிரேடு செய்யும்போது இன்ஸ்டாலர் போட்ட யூஎஸ்பி டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் பழக்கம் எனக்குப் போய்விட்டது. காரணம் பிஇசிடிஎல் (bectl) என்ற கமாண்ட். பூட் என்விரான்மென்ட்களை, அதாவது பூட் செய்யக்கூடிய சிஸ்டத்தின் தனித்தனிப் பிரதிகளை, உண்டாக்கி நிர்வகிப்பது அதன் வேலை. 12.0 பதிப்பிலிருந்து சிஸ்டத்தோடு சேர்ந்தே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம். பூட் என்விரான்மென்ட் என்ற ஏற்பாடு சோலாரிஸ் என்ற இன்னொரு யூனிக்ஸில் இருந்து வந்தது. சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் பகுதி இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். இன்னொரு ஃபைல் சிஸ்டமான யூஎஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

ரூட் டேட்டாசெட்டுக்கு (இசட்எஃப்எஸ்ஸில் தனியாக நிர்வகிக்கப்படும் பகுதிதான் டேட்டாசெட்) ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் உறைந்த நிலை, எடுத்து, அதிலிருந்து எழுதக்கூடிய ஒரு குளோன் உண்டாக்கிப் பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். கண் இமைப்பதற்குள் முடியும். மாறிய பிளாக்குகளுக்கு மட்டுமே இடம் செலவாகும். அப்கிரேடுக்குப் பிறகு மெஷின் எழவில்லையா, பூட் ஆகும்போது வரும் லோடர் மெனுவில் பழைய என்விரான்மென்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பழைய கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி), பழைய லைப்ரரி, பழைய செட்டிங்குகளோடு எழுந்துவிடும். மெனுவில் தேர்ந்தெடுப்பது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். நிலையாக வேண்டுமென்றால் உள்ளே வந்து ஆக்டிவேட் கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது தற்காலிக ஆக்டிவேட். புது என்விரான்மென்ட்டை அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் ஏற்றலாம். எங்கோ இருக்கும் மெஷின் பாதியில் தொங்கிவிட்டால், அங்கிருப்பவரைப் பவரை அணைத்துப் போடச் சொன்னால் போதும், பழையது தானாக வந்து நிற்கும். பிறகு உடைந்த என்விரான்மென்ட்டை மவுண்ட் செய்து, அதாவது ஒரு டைரக்டரியாக இணைத்து, நிதானமாகப் பார்க்கலாம். பழைய கர்னலுக்குக் கட்டிய கிராஃபிக்ஸ் மாட்யூல்தான் பல நேரம் குற்றவாளி. ஆர்சி கான்ஃப் என்ற செட்டிங் கோப்பில் அதை ஏற்றும் வரியை எடுத்துவிட்டால் பூட் ஆகிவிடும், பேக்கேஜைப் பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

லாகின் கதை வேறு. மெஷின் எழுந்து லாகின் கேட்கிறது, சரியான பாஸ்வேர்டையே ஏற்க மறுக்கிறது. பிஇசிடிஎல்லால் பழையதற்குத் திரும்ப வழி கிடைக்குமே தவிர, காரணத்தை நீங்கள்தான் தேட வேண்டும். முதலில் பயனர்களின் கணக்குகள் இருக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு கோப்பைப் பாருங்கள். அப்கிரேடின்போது அதன் பழைய, புதிய பிரதிகளை இணைத்த இடத்தில் உங்கள் பயனர்களின் வரிகள் போயிருக்கலாம், அல்லது இரண்டும் ஒத்துப்போகாத இடத்தைக் காட்டும் மோதல் குறிகள் அப்படியே நிற்கலாம். கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. லாகின் படிப்பது அதிலிருந்து உருவாகும் டேட்டாபேஸை. அதனால் விஐபிடபிள்யூ (vipw) என்ற கமாண்ட் வழியாகத் திருத்துங்கள், டேட்டாபேஸையும் அதுவே புதுப்பித்துவிடும். உடைந்த என்விரான்மென்ட்டை மவுண்ட் செய்து திருத்துகிறீர்கள் என்றால் சிஎச்ரூட் (chroot) செய்து, அதாவது அந்த என்விரான்மென்ட்டையே ரூட்டாக வைத்து, உள்ளே போன பிறகு செய்யுங்கள். இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் பாஸ்வேர்டுகள்தான் மாறும்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு உடனே வெளியே தள்ளுகிறதா? லாகின் ஆனதும் கமாண்ட்களை வாங்கும் நிரலான ஷெல்லைச் சந்தேகியுங்கள். ரூட் என்ற நிர்வாகப் பயனருக்குப் பேக்கேஜிலிருந்து வந்த பேஷ் (bash) ஷெல்லை வைத்திருந்தால், பெரிய பதிப்பு மாறும்போது பழைய லைப்ரரிகள் நீக்கப்பட்டதும் அது ஓடாமல் போகலாம். பழுது பார்ப்பதற்கான சிங்கிள் யூசர் மோடில் ஷெல்லின் பாதை கேட்கும்போது என்டர் தட்டினால் அடிப்படை ஷெல்லான எஸ்எச் (sh) கிடைக்கும். ரூட் பகுதியில் எழுத முடியும்படி மாற்றி, ரூட் பயனரின் ஷெல்லையும் மாற்றலாம். 14.0இல் ரூட் பயனரின் இயல்பான ஷெல்லே சிஎஸ்எச்சில் (csh) இருந்து எஸ்எச் ஆகிவிட்டது. அதை அப்படியே விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

குறைகளும் உண்டு. என்விரான்மென்ட்களின் பட்டியலில் வரும் ஒற்றை எழுத்துக் குறிகள் மேன் பக்கத்தை (கமாண்டின் கையேட்டை) படிக்காமல் புரியாது. அதைவிடப் பெரியது, எல்லாம் திரும்பி வரும் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறது. புது பதிப்பு வந்ததும், இசட்எஃப்எஸ்ஸின் சேமிப்புத் தொகுப்பான பூலில் புதிய அம்சங்களை இயக்கும் இசட்பூல் அப்கிரேடு கமாண்டை ஓட்டிவிட்டால், பூலின் புதிய அம்சங்களைப் பழைய கர்னலோ பூட் லோடரோ படிக்க முடியாமல் போகலாம். அதைத் திருப்பி எடுக்க வழியே கிடையாது. பூட் லோடரைப் புதுப்பித்து, புது சிஸ்டம் சில வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு செய்தால் போதும், அவசரமில்லை.

அப்புறம் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு: வழக்கமான டேட்டாசெட் அமைப்பில் லாக், மெயில், ஹோம் எல்லாம் தனி. ஆனால் வார் டிபி (/var/db) டைரக்டரி பூட் என்விரான்மென்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் தகவல்களும் இயல்பாக அங்கேதான். பழையதற்குத் திரும்பினால் அப்கிரேடுக்குப் பின் எழுதியவை கண்ணில் படாது. அதற்கென்று முன்கூட்டியே தனி டேட்டாசெட் போட்டுவிடுங்கள்.

5க்கு 4 கொடுப்பேன்.