காட்ஸ் முத்திரையா, பெட்டர் காட்டனா?

காட்ஸ் (GOTS) என்பது இயற்கை விவசாய இழையில் செய்த துணிக்கான உலகளாவிய சான்று; பெட்டர் காட்டன் என்பது பருத்திச் சாகுபடியை மேம்படுத்தும் திட்டம். இரண்டும் ஒரே மாதிரி வாக்குறுதி இல்லை. காட்ஸ் துணியில் 'ஆர்கானிக்' என்று போட்டிருந்தால் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற இயற்கை விவசாய இழை இருக்க வேண்டும்; 'ஆர்கானிக் இழையால் ஆனது' என்றால் 70 போதும். மரபணு மாற்றிய விதை கூடாது. நூற்பு, சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை எல்லாம் தணிக்கைக்குள் வரும்.

பெட்டர் காட்டன் ரசாயன உரத்தையும் மரபணு மாற்றிய பி.டி. (Bt) விதையையும் தடுப்பதில்லை; தண்ணீரையும் பூச்சிமருந்தையும் குறைக்கப் பயிற்சி தருகிறது. இயற்கை முறைக்கு மாறும் இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தால் தாங்க முடியாத சிறு விவசாயிக்கு இது பெரிய உதவி, அதை நான் குறைத்து மதிக்க மாட்டேன். சிக்கல் கணக்கில் இருக்கிறது. 'மாஸ் பேலன்ஸ்' முறையில், ஜின்னிங்கை (பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் கட்டத்தை) தாண்டியதும் பெட்டர் காட்டன் பஞ்சைச் சாதாரணப் பஞ்சோடு கலக்கலாம். நிறுவனம் எவ்வளவு வாங்கியது என்ற அளவுதான் கணக்கு. உங்கள் சட்டையில் அந்தப் பஞ்சு இல்லாமலே போகலாம். மூலத்தைத் தொடரும் தனி வழி 2023இல்தான் வந்தது.

ஆகவே உடலில் படும் துணிக்கு என் தேர்வு காட்ஸ். லேபிளில் முத்திரைக்குக் கீழே சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை காட்ஸின் பொதுத் தரவுதளத்தில் தேடுங்கள். வெறும் '100% ஆர்கானிக்' என்ற அச்சு எதையும் நிரூபிக்காது. மொத்தமாகத் துணி வாங்குபவர் அந்தச் சரக்குக்கான பரிவர்த்தனைச் சான்றையும் கேட்க வேண்டும். ஆலையின் சான்று மட்டும் கையில் உள்ள துணிக்குச் சாட்சி ஆகாது.