ஓ.வி.யா, திருவிவிலியமா? படிக்கவும் ஜெபிக்கவும் தமிழ் வேதாகமம் வாங்குவோருக்கு

தமிழ் பைபிள் வேண்டும் என்று கேட்டால், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையார் புழங்கும் கடையில் இந்திய வேதாகமச் சங்கத்தின் ஓ.வி.யை (ஓல்ட் வெர்ஷன், பழைய மொழிபெயர்ப்பு) எடுத்து வைப்பார்கள். கத்தோலிக்கக் கடையில் திருவிவிலியம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். தினமும் உட்கார்ந்து படிக்கவும், படித்ததை வைத்து ஜெபிக்கவும் வாங்குவதானால் இரண்டுமே தேவை. ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு.

ஓ.வி. என்பது 1871-இன் ஐக்கியத் திருப்புதல், அதாவது பல சபையார் கூடிச் செய்த மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு, 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸின் பழைய மொழிபெயர்ப்பை அடியாகக் கொண்டு செய்தது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீட்டர் பெர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த ஒரு மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. தமிழ் நன்றாகவே இருந்தும் சென்னைப் பக்கம் அது எடுபடவில்லை. ஜனங்களின் நாவில் ஏறியிருந்தது பப்ரிசியுஸ்தான். ஓ.வி.யின் பலம் இன்றைக்கும் அதுவே: வாய்விட்டு வாசித்தால் மனதில் நிற்கும். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நான் தாழ்ச்சியடையேன்' என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளை இரண்டு முறை கேட்டாலே திருப்பிச் சொல்லும். ஜெபத்துக்கு மனப்பாடம் பெரிய உதவி. கண்ணை மூடிய பிறகு புத்தகத்தைப் புரட்ட முடியாதே.

குறையும் அதே 1871-தான். 'என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்' என்கிறது யோவான் 14:15. அங்கே கற்பனை என்றால் கட்டளை. இன்றைக்குப் புதிதாக வாசிக்கிற ஒருவர் அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை. 51-ஆம் சங்கீதத்தில் தாவீது 'என் அக்கிரமம் நீங்க' என்று கெஞ்சுவது நம் தெருச்சண்டை 'அக்கிரமம்' இல்லை. உள்ளே படிந்த பாவக்கறை. இது தெரியாத வார்த்தையைவிட மோசமான சிக்கல். தெரியாத வார்த்தை வந்தால் நின்று கேட்போம். தெரிந்த வார்த்தை வேறு பொருளில் வந்தால் நிற்காமல் தாண்டிப் போய்விடுவோம்.

திருவிவிலியம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு, 1995. கற்பனை இதில் கட்டளை, கிருபை அருள், சுவிசேஷம் நற்செய்தி. ரோமர் 3:25-இல் ஓ.வி. 'கிருபாதாரபலி' என்று கட்டி வைத்திருப்பதை இது 'கழுவாய்', அதாவது பாவப் பரிகாரம், என்று அவிழ்க்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் நூலின் பிரிவுகளும் உண்டு. அந்த அரைப்பக்கத்தைப் படிக்காமல் எரேமியாவுக்குள் நுழையாதீர்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் இருப்பதால் கனம் கூடுதல்; பஸ்ஸில் ஒரு கையில் பிடித்து வாசிக்க உதவாது. ஓ.வி.யில் வளர்ந்தவர்களுக்கு இதன் வாக்கியங்கள் மனப்பாடமாகவும் நாளாகும்.

ஓ.வி. வாங்கினால் ஒத்துவாக்கியப் பதிப்பாக வாங்குங்கள்; ஒரு வசனத்தோடு ஒத்துப்போகும் மற்ற வசனங்களின் எண்களை அதிலேயே குறித்திருப்பார்கள். கடையில் 'ரெஃபரன்ஸ் பைபிள்' என்று கேட்டால் தருவார்கள். சாதாரணப் பதிப்புக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம் முழுக்கத் தகும். உதாரணமாக பிலிப்பியர் 1:9-ஐ எடுங்கள். அன்பு 'அறிவிலும் எல்லா உணர்விலும்' பெருக வேண்டும் என்று பவுல் ஜெபிக்கிறார். இதே ஜெபத்தைத் தொடர்ந்து போனால் கொலோசெயர் 1:9, எபேசியர் 1:17. மூன்றும் பவுல் சிறையில் கட்டுண்டிருந்தபோது எழுதிய நிருபங்கள் (கடிதங்கள்). மூன்று ஜெபத்திலும் அவர் கேட்பது அறிவு, விடுதலை அல்ல. இதை ஒரு பிரசங்கியார் சொல்லிக் கேட்பது வேறு, விரலை வைத்து நாமே கண்டுபிடிப்பது வேறு. ஆனால் ஒத்துவாக்கியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று மூன்றாகும், மூன்று பத்தாகும், அரை மணி கழித்து எங்கே தொடங்கினோம் என்பதே மறந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வசனம், அதற்கு மூன்று ஒத்துவாக்கியம். அதோடு நிறுத்திவிடுங்கள்.

அரை மணி நேரம் கிடைக்கிறவர்களுக்கு இந்த வரிசை சரியாக வரும். பத்து நிமிடம் ஓ.வி.யில் அன்றைய பகுதியை வாய்விட்டு வாசியுங்கள். ஐந்து நிமிடம் அதே பகுதி திருவிவிலியத்தில். வார்த்தை மாறிய இடங்களில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி. ஐந்து நிமிடம் ஒத்துவாக்கியம். மீதி பத்தும் ஜெபத்துக்கு. ஜெபத்தைக் கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தள்ளினால் அது வெறும் 'ஆமென்' ஆகிவிடும்.

வசனத்தை ஜெபமாக்குவது எப்படி என்பதற்கு பிலிப்பியர் 4:6 நல்ல பயிற்சி. 'நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்று தொடங்கும் அந்த ஒரே வசனத்தில் விண்ணப்பம், ஸ்தோத்திரம், ஜெபம், வேண்டுதல் என்று நான்கு வார்த்தை. திருவிவிலியத்தில் ஸ்தோத்திரம் நன்றியாகவும் வேண்டுதல் மன்றாட்டாகவும் வரும். ஒரு நோட்டில் முதலில் இன்றைய கவலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: 'மகன் கல்லூரிக் கட்டணம், வெள்ளிக்கிழமைக்குள்' என்கிற அளவுக்குத் துல்லியமாக. அடுத்து, அதே விஷயத்தில் ஏற்கெனவே கிடைத்த ஒரு நன்மைக்கு நன்றி. பிறகுதான் கேட்பது. வலது ஓரத்தில் ஒரு பத்தி காலியாக விடுங்கள், பதில் வந்த தேதி எழுத. 'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று எழுதினால் அந்தப் பத்தி என்றைக்கும் காலியாகவே கிடக்கும்; எது வந்தால் பதில் என்று உங்களுக்கே தெரியாது.

வருஷத்துக்குள் முழு வேதாகமமும் முடிக்க நினைப்பவர்களுக்குக் கணக்கு எளிது. ஓ.வி.யின் 66 ஆகமங்களில் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் 52 வாரத்துக்குள் முடியும். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போனால் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும். பெரும்பாலான தீர்மானங்கள் அங்கேதான் படுத்துக்கொள்கின்றன. பலிகளின் சட்டத்துக்குப் பக்கத்தில் அன்றன்றைக்கு ஒரு சுவிசேஷ அதிகாரமும் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். ஸ்காட்லாந்துப் போதகர் மெக்செய்ன் 1842-இல் போட்ட அட்டவணை நாளுக்கு நான்கு அதிகாரத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுப்பதும் இப்படித்தான்.

சங்கீதத்துக்குத் தேதி முறை போதும். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. மாதத்தில் 150-உம் முடியும். 29-ஆம் தேதி மட்டும் இடிக்கும், 119 அன்றைக்குத்தான் வருகிறது, 176 வசனம். அதை எட்டெட்டு வசனமாக 22 பிரிவாகப் பிரித்தே அச்சிட்டிருப்பார்கள். நாளுக்கு ஒரு பிரிவு என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வேதம், சாட்சி, கட்டளை, பிரமாணம், கற்பனை, வசனம் என்று ஒரே பொருளுக்கு எத்தனை பெயர் என்பது நிதானமாக வாசித்தால்தான் கண்ணில் படும். சங்கீதங்களில் '(சேலா.)' என்ற எபிரெயக் குறிப்பு வரும் இடத்தில் அதை வாசிக்க வேண்டாம், சற்று நிறுத்தினால் போதும்.

கடையில் பார்க்க வேண்டியவை. நடுவில் சங்கீதம் பக்கம் திறந்தால் புத்தகம் மேசையில் தானாகப் படுக்க வேண்டும். எழும்பி மூடிக்கொண்டால் பெரும்பாலும் தையல் இல்லாத வெறும் பசைக் கட்டு, புரட்டப் புரட்டத் தாள் கழன்று வரும். சின்ன அளவுப் பதிப்பில் 'எல்லாவற்றையுங்குறித்து' போன்ற நீளமான சொற்களில் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா என்று கண்ணாடி இல்லாமல் பாருங்கள். நாற்பது தாண்டியவர்கள் யோசிக்காமல் பெரிய எழுத்துக்குப் போய்விடலாம். புதுப் புத்தகத்தை ஒரேயடியாக நடுவில் பிளக்காமல், முன்னிருந்து சில தாள், பின்னிருந்து சில தாள் என்று மாற்றி மாற்றி அழுத்தி விடுங்கள். பொன் ஓரம் பூசியவற்றில் தாள்கள் ஒட்டியிருக்கும், நகத்தால் கிழிக்காமல் மெதுவாக விசிற வேண்டும். பைபிள் தாள் மெல்லிசு. ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறி அங்குள்ள வசனத்தைக் கெடுக்கும். கலர் பென்சில் போதும், கூர் மழுங்கியதாக.

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், உங்கள் சபையில் எதை வாசிக்கிறார்களோ அதையே வாங்குங்கள். மற்றதைக் கைப்பேசியில் வாசித்துக்கொள்ளலாம், வாட்ஸ்அப் அறிவிப்பை அணைத்துவிட்டு.