கிரீஸ் ட்ராப்புக்குப் போடுகிற பற்றீரியாத் தூள், வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கான் அடைபட்ட அன்றைக்கு ஓடிப்போய் வாங்குகிற சாமான் இல்லை இது, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளவத்தையில் நாங்கள் மத்தியானச் சோற்றுப் பார்சல் செய்கிறோம். பொரியல், குழம்பு, தேங்காய்ப்பால் என்று அத்தனை எண்ணெயும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடு கிரீஸ் ட்ராப்பில்தான், அதாவது கழிவுநீர் கானுக்குப் போகமுன் எண்ணெயைப் பிடித்துவைக்கிற தொட்டியில்தான், வந்து நிற்கும். மூடியைத் திறந்தால் மேலே சாம்பல் நிறத்தில் விரல் மொத்தத்துக்கு ஒரு படை, அகப்பையால் வெட்டி எடுக்கலாம், அதுக்குக் கீழே அழுகின முட்டை மணம். காஸ்டிக் சோடாவும் கொதிதண்ணீரும் ஊற்றினால் உடனே இளகி ஓடும்தான், ஆனால் ஒழுங்கைக் கானில் போய் ஆறித் திரும்ப இறுகிவிடும். நம்முடைய கரைச்சலைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளுகிற வேலை அது. எனக்குத் துளியும் பிடிக்காது.

அதனால் இந்தத் தூளில் நான் பார்த்தது ஒன்றைத்தான்: எண்ணெயைத் தின்கிறதா, இல்லை இதுவும் இளக்கித் தள்ளிவிடுகிறதா? வெறும் நொதியம் (என்சைம்) மட்டும் உள்ள சாமான்களில் அந்தப் பயம் உண்டு. இதில் இருப்பது பசிலஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள். காய்ந்துபோய் உறங்கிக் கிடப்பவை, ஈரமும் தீனியும் கிடைத்ததும் முளைத்து, லைபேஸ் நொதியத்தை விட்டுக் கொழுப்பை உடைத்து, உடைத்ததைத் தாங்களே தின்றுவிடும். கொழும்பு வெக்கை அதுகளுக்கு நல்ல வாசி.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, இரவு கடைசிப் பாத்திரமும் கழுவி முடிந்த பிறகு ஊற்ற வேண்டும், தண்ணீர் ஓடாமல் நிற்கிற நேரம்தான் அதுகளின் வேலை நேரம். முதலில் மணம் குறைந்தது. அப்புறம் படை மெதுவாக இளகிப் புட்டுமா மாதிரி உதிர ஆரம்பித்தது. ஒழுங்கை மேன்ஹோலையும் திறந்து பார்த்தோம், அங்கே புதிதாகக் கொழுப்பு இறுகவில்லை. எனக்கு அது போதும்.

குறை என்றால் லேபிள். தமிழில் ஒரு வரி இல்லை, குளோரின் ஊற்றக்கூடாது என்ற முக்கியமான விஷயம் எந்த மொழியிலும் இல்லை. காலையில் குளோரின் ஊற்றிக் கழுவுகிற சமையலறையில் இரவு இதைப் போடுவது காசைக் கானில் போடுவதுதான், கிருமியைக் கொல்லுகிற சாமான் இதையும் கொல்லும். அடியில் படிகிற மண்டியையும் இது எடுக்காது, அதை அள்ளித்தான் ஆக வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கலந்த கிணறுகளுக்கு இதைப் போடலாமா என்று ஊரிலிருந்து ஒரு அண்ணை கேட்டார். தயவுசெய்து வேண்டாம். டீசல் மாதிரி எண்ணெயைத் தின்கிற பற்றீரியாக்கள் இருக்கின்றன, உண்மைதான். 1989இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கடற்கரைக்கு உரம் போட்டு, அங்கேயே இருந்த பற்றீரியாக்களைப் பெருகவைத்தார்கள். ஆனால் அதுகளுக்குக் காற்றும் நைதரசனும் பொசுபரசும் அளந்து கொடுக்க வேண்டும், நிலத்தடி நீரில் அதைச் செய்வது நிபுணர்களின் வேலை. குடிக்கிற கிணற்றில் சமையலறைத் தூளைக் கொட்டினால் இன்னொரு அழுக்குத்தான் சேரும்.

வாங்குகிறவர்கள் காலாவதித் திகதியைப் பாருங்கள், பெரிய பையிலிருந்து அள்ளி நிறுத்துத் தருகிற தூளைத் தொடாதீர்கள், ஈரம் பட்டால் வித்தி பைக்குள்ளேயே முளைத்துச் செத்துவிடும்.