உபயம் ஏற்காத கூட்டம்: சாட்ஸ்வர்த்தில் என்.ஏ.

என் மனைவியின் தம்பி 'ஷுகர்ஸ்' என்ற போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பகுதியில் நடக்கும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக என்.ஏ.; போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் தாங்களே நடத்தும் சங்கம்) கூட்டங்களுக்கு எட்டு மாதங்களாகச் சென்று வருகிறார். வெளியாட்களை அனுமதிக்கும் நாள்களில் நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம் என்பதால் இந்த விமர்சனத்தில் பிறருடைய கதை எதுவும் வராது. இடம், நேரம், பணம், நடைமுறை, மைத்துனர் எழுதச் சம்மதித்த அளவுக்கு அவருடைய நிலை ஆகியவை மட்டுமே வரும்.

ஷுகர்ஸ் என்பது தரம் குறைந்த ஹெராயினில் வேறு பொடிகளைக் கலந்து விற்கும் சரக்கு. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி 1960களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இந்தப் பகுதியில், 2000களின் நடுவிலிருந்து அதனால் அழிந்த குடும்பங்கள் பல. எங்கள் வீட்டில் முதலில் முருகனைத்தான் நம்பினோம். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து மைத்துனர் காவடி எடுத்தார். அந்தப் பத்து நாளும் அவர் அதைத் தொடவில்லை, காவடியை இறக்கிய மறுநாள் தொட்டார். அதன்பின் ஒரு தனியார் விடுதியில் மாமியாரின் சேமிப்பு கரைந்தது. கட்டணம் இல்லை என்ற காரணத்துக்காகவே என்.ஏ.வைத் தேடினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

தேடுவதே முதல் தொல்லையாக இருந்தது. உறவினர் ஒருவர் அனுப்பிய பழைய பட்டியலை நம்பி ஒரு வியாழக்கிழமை மாலை போனபோது மண்டபம் பூட்டிக் கிடந்தது. கூட்டம் வேறிடத்துக்கு மாறிப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்றார் காவலாளி. இன்று போகலாம் என்று அரும்பாடுபட்டு மனம் இசைந்தவரைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு பூட்டிய கதவின் முன் நின்ற அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. ஆகவே போகும் நாளன்றே என்.ஏ.வின் உதவி எண்ணை அழைத்து, கூட்டம் நடக்கிறதா, அது குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கூட்டமானால் நம் இடம் காருக்குள்தான்.

இடம் ஒரு தேவாலயத்தின் பின்கூடம். மதம் மாற்றி விடுவார்களோ என்று மாமியார் பயந்தார். வாடகை குறைவு என்பதைத் தவிர அந்த இடத்துக்கு வேறு காரணம் இல்லை; இறுதியில் கைகோத்து நின்று சொல்லும் பிரார்த்தனையில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ரூய்போஸ் தேநீர், மரி பிஸ்கட், ஒன்றரை மணி நேரம். மது அடிமைகளுக்காக 1935இல் தொடங்கிய சங்கத்தின், மீட்சிக்கான பன்னிரண்டு படிகளைத் தழுவி 1953இல் கலிபோர்னியாவில் உருவான முறையே இங்கும் நடக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதுமில்லை. நம் உறவினர் கூட்டங்களில் பழகிய எனக்கு அந்த அமைதி முதலில் கூச்சமாக இருந்தது.

இடையில் ஒரு கூடை சுற்றி வந்தது. நான் இருபது ரேண்ட் நோட்டைப் போட்டேன். பக்கத்திலிருந்தவர் அதை எடுத்து நான்காக மடித்து என் உள்ளங்கையில் திருப்பி வைத்து, "உறுப்பினர்கள் மட்டும்தான் போடலாம், அண்ணா" என்றார். செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியாரின் பணத்தை ஏற்கக் கூடாது என்பது அவர்களுடைய ஏழாவது மரபு. கோயிலின் டியூப் லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதும் நமக்கு இது புதுமைதான்.

போதையைத் தொடாமல் குறிப்பிட்ட நாள்களைக் கடந்தவர்களுக்குச் சாவிக்கொத்தில் மாட்டும் வண்ண வில்லைகள் தருகிறார்கள். புதிதாக வருபவருக்கு வெள்ளை, முப்பது நாளுக்கு ஆரஞ்சு, அறுபதுக்குப் பச்சை, தொண்ணூறுக்குச் சிவப்பு. ஓராண்டு வில்லை இருட்டில் ஒளிரும். விளையாட்டுச் சாமான் போலத் தோன்றினாலும், ஆரஞ்சு கிடைத்த இரவு மைத்துனர் அதைத் தலையணை அருகே வைத்துக்கொண்டு தூங்கினார். இதைவிடப் பெரிய உதவி 'ஸ்பான்சர்' என்னும் மூத்த உறுப்பினர். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் அவர் எடுக்கிறார். நான் எடுப்பேனா என்பது சந்தேகம்.

குறைகளும் உண்டு. நாங்கள் போகும் கூட்டத்தில் இருபது பேருக்கு இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். குடும்பத்தாருக்கென்று நார்-அனான் என்ற தனி அமைப்பு இருப்பதை எங்களுக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோன் போன்ற மருந்து எடுத்துக்கொள்பவரை முழுமையாக விடுபட்டவராகக் கருதத் தயங்குபவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் மட்டுமே கேளுங்கள். குடியையோ தூக்க மாத்திரையையோ திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அவற்றுக்குப் பழகியவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பச்சை வில்லைக்குப் பின் மைத்துனர் சறுக்கினார். சில வாரங்கள் நிறுத்திய உடல் பழைய அளவைத் தாங்காது, அதே அளவே உயிரைப் பறிக்கலாம் என்று ஸ்பான்சர் முன்பே எச்சரித்திருந்ததால், அவர் அதை மறைக்காமல் அன்றிரவே எங்களிடம் சொன்னார். மறுவாரம் தலைகுனிந்தபடி முன்னே போய் மீண்டும் வெள்ளை வாங்கியபோது, பச்சைக்குக் கிடைத்ததைவிடக் கைதட்டல் பலமாக இருந்தது. இப்போது அவருடைய சாவிக்கொத்தில் வெள்ளை இரண்டு இருக்கின்றன. பழையதைக் கழற்றி விடலாமே என்றேன். வேண்டாம் மச்சான், இருக்கட்டும் என்றார்.